‘சிக்கல் ஏதுமில்லை’ என்று எழுதுவதற்கு முன்: இதய அறுவை சிகிச்சைப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

இதய அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர்களுக்கும், ஐசியு பொறுப்பு மருத்துவர்களுக்கும், மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பைபாஸோ வால்வு மாற்றமோ முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். எத்தனை கிராஃப்ட், எந்தக் குழாய்க்கு எது, பம்ப் எத்தனை நிமிடம், கிளாம்ப் எத்தனை நிமிடம் என எல்லாம் அதில் உண்டு. கடைசியில், ‘அறுவைக்குப் பிந்தைய நாட்கள் சிக்கலின்றிக் கழிந்தன’ என்று ஒரு வரி. அதே நோயாளியின் ஐசியு சார்ட்டைப் புரட்டினால், இரண்டாம் நாள் இரவு துடிப்பு 140-ஐத் தொட்டிருக்கும். ‘ரிதம் ஒழுங்கில்லை, டாக்டருக்குச் சொல்லப்பட்டது’ என்று செவிலியர் எழுதியிருப்பார். ரிதத்தைச் சீராக்கும் அமியோடரோன் மருந்து ஒரு நாள் முழுக்க ஓடியிருக்கும். நான்காம் நாள் காலையில் இயல்பான சைனஸ் ரிதம் திரும்பியிருக்கும். சம்மரியில் இதற்கு மிஞ்சும் தடயம் ஒன்றே ஒன்று: மருந்துப் பட்டியலில் ஏழாவதாக ‘அமியோடரோன் 200 மி.கி.’ எதற்கு என்று இல்லை. எதுவரை என்றும் இல்லை.

விடுபட்ட அந்தத் தகவலைப் பற்றியதுதான் இந்த மடல். அறுவைக்குப் பின் வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏஎஃப்), அதாவது மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும் நிலை, நம் வார்டுகளில் தும்மல் இருமல் போலப் பழகிவிட்டது. ‘ஏஎஃப் வந்துச்சு, அமியோ போட்டோம், சரியாயிடுச்சு’ என்பதோடு ரவுண்ட்ஸில் பேச்சு முடிகிறது. பெரும்பாலும் சரியாகவும் போகிறது. ஆனால் அது வந்த செய்தி வார்டு வாசலைத் தாண்டுவதில்லை. நோயாளி மட்டும் மருந்தோடு தாண்டிப் போகிறார்.

பழகிப்போனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பைபாஸ் மட்டும் செய்துகொண்டவர்களில் நால்வரில் ஒருவருக்கு இது வருகிறது. சில தொகுப்புகளில் மூவரில் ஒருவருக்கு. வால்வு அறுவையில் இன்னும் அதிகம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஏறக்குறையப் பாதிப் பேர். வந்தவர்களுக்குப் பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு, நீளும் ஐசியு நாட்கள், மீண்டும் சேர்க்கப்படுவது, பின்னாளில் இறப்பு என எல்லாமே மற்றவர்களைவிடக் கூடுதல். இதில் ரிதத்தின் பங்கு எவ்வளவு, ஏற்கெனவே தளர்ந்திருந்த உடம்பின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். வயதானவர், இடது மேலறை பெருத்தவர், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர், சிறுநீரகம் மந்தமானவர் ஆகியோரைத்தான் இது தேடிப் பிடிக்கிறது; மற்றத் தொல்லைகளும் அவர்களைத்தான் பிடிக்கும். இந்த விவாதம் நமக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. ரிதம் காரணமோ வெறும் அடையாளமோ, எதுவானாலும் அது வந்தவரை அடுத்த மருத்துவர் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். அதற்கு முதலில் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அறுவைக்கு முன்னால் செய்யக்கூடியவற்றில் மிக எளியது, ஏற்கெனவே சாப்பிட்டுவரும், துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கரை நிறுத்தாமல் இருப்பது. பட்டினி என்று சொல்லி காலை மாத்திரைகள் மொத்தத்தையும் நிறுத்திவிடுகிறோம். பீட்டா பிளாக்கரான மெட்டோப்ரோலாலும் அதோடு போய்விடுகிறது. அறுவைக்குப் பின் ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கிறது, அழுத்தத்தைத் தாங்கும் நார்அட்ரினலின் ஓடுகிறது என்று முதல் நாள் தள்ளிப்போடுகிறோம், அது நியாயம். இரண்டாம் நாள் நார்அட்ரினலின் நின்றுவிடுகிறது. மாத்திரையைத் திரும்ப எழுத யாருக்கும் நினைவில்லை. பழகிய தடுப்பு திடீரென்று விலக, உடம்பில் அட்ரினலின் பொங்கிக்கொண்டிருக்க, மூன்றாம் நாள் ஏஎஃப் வருகிறது. ஆச்சரியப்பட இதில் ஒன்றுமில்லை. அழுத்தத் தாங்கு மருந்து நின்ற அன்றே பீட்டா பிளாக்கர் பற்றி ஒரு முடிவு, கொடு அல்லது கொடுக்காதே, கொடுக்காவிட்டால் ஏன் என்று, சார்ட்டில் எழுதப்பட வேண்டும் என ஒரு விதி வைத்தால் போதும்.

அதிக ஆபத்துள்ளவர்களுக்கு முன்கூட்டியே அமியோடரோன் கொடுப்பதற்கும் ஆதாரம் உண்டு. 2005-இல் வெளியான 601 பேர் கொண்ட ஆய்வில், அறுவைக்கு ஆறு நாள் முன்பிருந்து ஆறு நாள் பின்வரை எடை கிலோவுக்கு 10 மி.கி. என்று வாயால் கொடுத்தபோது, மேலறை ரிதக் கோளாறு 29.5 சதவீதத்திலிருந்து 16.1 சதவீதமாகக் குறைந்தது. எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. யாருக்குக் கொடுப்பது என்று உங்கள் பிரிவில் ஓர் எழுதப்பட்ட வரையறை இருக்கட்டும் என்கிறோம். இப்போது அது அந்தந்த மருத்துவரின் மனப்போக்கைப் பொறுத்தே நடக்கிறது.

பலனில்லாதவற்றைக் கைவிடவும் மனம் வேண்டும். அறுவைக்கு முன் புதிதாக ரோசுவாஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து) தொடங்கினால் ஏஎஃப் குறையும் என்று நம்பிய காலம் உண்டு. 1,922 பேரிடம் செய்து 2016-இல் வெளியான ஆய்வில் குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்புதான் கூடியது. வேறு காரணத்துக்காக ஸ்டாட்டின் எடுப்பவர்கள் தொடரலாம், அது தனிக் கதை. பெரிய அளவில் சோதிக்கப்பட்ட ஸ்டீராய்டும் மீன் எண்ணெயும்கூட ஏமாற்றிவிட்டன. பொட்டாசியம் விஷயத்தில் பலருக்குக் கோபம் வரலாம். ரத்தத்தில் அது லிட்டருக்கு 4.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் சிரிஞ்சு மாற்றிக்கொண்டிருக்கிறோம். 2024-இல் 1,690 பைபாஸ் நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். 4.5-க்குக் கீழே இறங்கினாலே நிரப்பிய பிரிவில் 26.2 சதவீதத்துக்கும், 3.6-க்குக் கீழே போனால் மட்டும் நிரப்பிய பிரிவில் 27.8 சதவீதத்துக்கும் ஏஎஃப் வந்தது. ஏறத்தாழ ஒன்றேதான். 3.2-ஐப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள் என்று இதற்குப் பொருளில்லை. 4.2-ஐத் துரத்தும் கையை வேறு வேலைக்குத் திருப்பலாம் என்று பொருள்.

அந்த வேறு வேலைகளில் ஒன்று அறுவை அரங்கிலேயே இருக்கிறது. இதயத்தைச் சுற்றிய உறையான பெரிகார்டியத்துக்குள் தேங்கும் ரத்தம் சும்மா கிடப்பதில்லை. அது சிதைந்து, இதயத்தின் பின்புறம், இடது மேலறையை ஒட்டியே அழற்சியைக் கிளப்புகிறது. முன்பக்கம் போட்ட டிரெயின் (வடிகுழாய்) அங்கிருப்பதை எடுக்காது; படுத்திருக்கும் நோயாளிக்குப் பின்புறம்தான் பள்ளம். டிரெயினுக்குள் ரத்தம் உறைந்துவிட்டால் எடுப்பதாகப் பாவனை மட்டும் செய்யும். அதனால்தான் பெரிகார்டியத்தின் பின்சுவரில், உதரவிதானத்தை இயக்கும் இடது ஃப்ரீனிக் நரம்புக்குப் பின்னால், அதற்கு இணையாக, இடது கீழ் நுரையீரல் சிரையிலிருந்து உதரவிதானம் நோக்கி நான்கைந்து சென்டிமீட்டர் திறந்துவிடுகிறார்கள். தேங்கும் நீரும் ரத்தமும் நுரையீரலைச் சுற்றிய இடது பிளூரா அறைக்குள் வடிந்துவிடும். 2021-இல் வெளியான 420 பேர் ஆய்வில், இப்படித் திறந்தவர்களில் 17 சதவீதத்துக்கும் திறக்காதவர்களில் 32 சதவீதத்துக்கும் ஏஎஃப் வந்தது. பெரிகார்டியத்தில் நீர் சேர்வதும் 21-இலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. பைபாஸ், அயோர்டிக் வால்வு, மேலெழும் அயோர்ட்டா அறுவைகளுக்குத்தான் இந்தக் கணக்கு. மைட்ரல் வால்வுக்காரர்கள் அந்த ஆய்வில் இல்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு. நரம்பு கண்ணுக்குத் தெரியாமல், சுட்டு வெட்டும் காட்டரியை வைக்கக் கூடாது. இடது பிளூராவில் டிரெயின் போட மறக்கக் கூடாது. மறந்தால் பெரிகார்டியத்தில் இருந்த பிரச்சினை நுரையீரல் பக்கம் குடிபெயரும், அவ்வளவுதான். செலவு கிடையாது, சில நிமிட வேலை. இருந்தும் பல அரங்குகளில் இது வழக்கமாகவில்லை. ஏன் என்று உங்கள் கூட்டத்தில் ஒருமுறை கேளுங்கள்.

ரத்தம் கட்டக்கூடிய இடது மேலறைப் பையை மூடுவது வேறு கணக்கு. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், மூடியவர்களில் 4.8 சதவீதத்துக்கும் மூடாதவர்களில் 7.0 சதவீதத்துக்கும் பக்கவாதமோ வேறு உறுப்புக்கு ரத்தக்கட்டு போவதோ நேர்ந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் அறுவைக்கு முன்பே ஏஎஃப் உள்ளவர்கள். புதிதாக வந்தவர்களுக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கிப் போட முடியாது.

இனி வார்டு. இங்கேதான் அதிகம் தவறுகிறது.

ஏஎஃப் உச்சத்தில் வருவது இரண்டாம், மூன்றாம் நாள். பல இடங்களில் நோயாளியை மானிட்டரிலிருந்து கழற்றி வார்டுக்கு அனுப்புவதும் அதே இரண்டாம் நாள்தான். அதாவது காவலை மிகச் சரியாகத் திருடன் வரும் நேரத்தில் எடுத்துவிடுகிறோம். அதன்பின் ஆறு மணிக்கொருமுறை நாடி பார்ப்பதில் பல பிடிபடாமல் போகும். குறைந்தது நான்கு நாள், அதிக ஆபத்துள்ளவருக்கு ஐந்து நாள், டெலிமெட்ரி (தொடர் ரிதக் கண்காணிப்பு) இருக்கட்டும். கருவி போதவில்லை என்றால் யாருக்கு முன்னுரிமை என்பதையாவது வயது, வால்வு, மேலறை அளவு வைத்து முடிவு செய்யுங்கள். படுக்கை எண் வைத்து வேண்டாம்.

மானிட்டர் இருந்தும் தவறவிடும் வழி ஒன்று உண்டு. திரையில் மேலே பச்சையில் ஈசிஜியிலிருந்து வரும் எண் 138. கீழே விரல் சென்சாரிலிருந்து வரும் நாடி எண் 102. இரண்டும் பொருந்தவில்லை. ‘புரோப் சரியா மாட்டலை’ என்று விரலை மாற்றுகிறோம்; இப்போது 97. புரோபில் குற்றமில்லை. வேகமாக ஒன்றன்மேல் ஒன்றாக வரும் துடிப்புகளில் கீழறை நிரம்ப நேரமில்லாமல் பல துடிப்புகள் விரல்வரை எட்டவேயில்லை. அந்த இடைவெளியே ஏஎஃப்-க்கு ஒரு சாட்சி. இரண்டு எண்களுக்கும் இடையே விடாமல் பத்துக்கு மேல் வித்தியாசம் நின்றால் 12 லீட் ஈசிஜி எடு என்று செவிலியர் சார்ட்டிலேயே அச்சடித்துவிடலாம். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லாத உத்தரவாக அது இருக்க வேண்டும்.

ஈசிஜியில் தெளிவில்லை, துடிப்பு 150, ஏஎஃப்-ஆ, ஃப்ளட்டரா (மேலறை சீராக, ஆனால் மிக வேகமாகத் துடிப்பது), சைனஸ் வேகமா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால், பதில் நோயாளியின் மார்பிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. அறுவையின்போது மேலறையில் தைத்த பேசிங் வயர் (துடிப்பைத் தூண்டும் கம்பி) வழக்கமாக மார்பெலும்பின் வலப்பக்கமும், கீழறை வயர் இடப்பக்கமும் வெளியே வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த வயர் நேராக இதயத் தசைக்குப் போகிறது, வெறும் கையில் தொடும் பொருள் அல்ல. கை கால் லீட்கள் வழக்கம்போல் இருக்கட்டும். வி1 லீடைக் கழற்றி ஓர் அலிகேட்டர் கிளிப் மூலம் மேலறை வயரில் மாட்டி, ரிதம் ஸ்ட்ரிப் எடுங்கள். மேலறை அலைகள் இப்போது பெரிதாக நிற்கும். நிமிடத்துக்கு 300 அளவில் ஒரே சீராக இருந்தால் ஃப்ளட்டர். தாறுமாறாக இருந்தால் ஃபிப்ரிலேஷன். ஒவ்வொரு கீழறைத் துடிப்புக்கு முன்னும் ஒன்றே ஒன்று இருந்தால் சைனஸ். அப்போது ரிதத்தை விட்டுவிட்டு வலி, காய்ச்சல், ரத்தக்குறைவு என்று வேறு இடத்தில் தேடுங்கள்.

ஃப்ளட்டர் என்றால் அதே மேலறை வயர் வழியாக வேகமாக பேஸ் செய்து நிறுத்திவிட முடியும். இங்கே ஒரு தவறு உயிரை வாங்கும்: நிமிடத்துக்கு 350 என்று வைத்த கருவியைக் கீழறை வயரில் மாட்டுவது. வயர் மாறாமல் இருந்தாலும் நகர்ந்திருக்கலாம். அதனால் முதலில் நோயாளியின் துடிப்பைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் பேஸ் செய்து, கீழறை அதோடு ஒட்டிக்கொள்ளவில்லை என்று திரையில் உறுதி செய்த பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும். டீஃபிப்ரிலேட்டர் பக்கத்தில் இருக்கட்டும்.

சிகிச்சை தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்த ஏஎஃப் எதனால் இன்று வந்தது?’ வேகத்தைக் கண்டதும் குறைக்கத் தோன்றும். ஆனால் ரத்த அழுத்தம் 84, சிறுநீர் மணிக்கு 15 மில்லி, கழுத்துச் சிரை புடைத்திருக்கிறது, துடிப்பு 130 ஒழுங்கற்றது என்றால், அங்கே ஏஎஃப் நோயல்ல, அறிகுறி. பெரிகார்டியத்தில் ரத்தம் கட்டி இதயம் நெரிபடுகிறது. ஒவ்வொரு துடிப்பும் சிறுத்துப்போனதால் எண்ணிக்கையைக் கூட்டித்தான் இதயம் தாக்குப்பிடிக்கிறது. அந்த நேரத்தில் மெட்டோப்ரோலால் 5 மி.கி. செலுத்துவது, பிடித்திருந்த கடைசிக் கயிற்றையும் அறுப்பது. எனவே எக்கோ புரோப் முதலில், சிரிஞ்சு பிறகு. அறுவைக்குப் பின்னான எக்கோவில் மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. இடது மேலறைக்குப் பின்னால் மட்டும் திரண்ட ரத்தக்கட்டி முன்புறப் பார்வையில் தெரியாமல் போகும். ஆறாம் ஏழாம் நாளில் புதிதாக வரும் ஏஎஃப்-ஐ இன்னும் சந்தேகத்தோடு பாருங்கள். ரத்த உறைவுத் தடுப்பு மருந்தால் தாமதமாகக் கட்டிய நீர், நிமோனியா, மார்பெலும்புத் தொற்று என ஏதோ ஒன்று பின்னால் நிற்கலாம். இதயச் சுருக்கத்தைக் கூட்ட ஓடிக்கொண்டிருக்கும் டோபமினோ மில்ரினோனோ கூடத் தூண்டும். இன்னும் அவ்வளவு தேவையா என்று பம்பைப் பார்த்துக் கேளுங்கள்.

அழுத்தம் விழுந்து, நினைவு தடுமாறி, காரணம் ரிதம்தான் என்று தெளிவானால் மின் அதிர்ச்சி. இருமுனை அலைக் கருவியில் 200 ஜூல். பேட்களை ஒன்று முன்னும் ஒன்று முதுகிலுமாக, தையல் கட்டின்மேலும் வயரின்மேலும் படாமல் ஒட்டுங்கள். ‘சிங்க்’ பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொரு ஆர் அலையின்மேலும் குறி விழுகிறதா, அல்லது உயரமான டி அலையையோ பேசிங் கோட்டையோ கருவி ஆர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதா என்று ஒரு முழு ஸ்ட்ரிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பல கருவிகளில் ஓர் அதிர்ச்சிக்குப் பின் ‘சிங்க்’ தானாகவே அணைந்துவிடும். இரண்டாவது அதிர்ச்சி குறி தவறி டி அலைமேல் விழுந்து, ஏஎஃப் கீழறை ஃபிப்ரிலேஷனாக மாறுவது இப்படித்தான்.

நிலையாக இருப்பவருக்கு அவசரமில்லை. 2016-இல் 523 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவில் வேகத்தை 100-க்குக் கீழே வைப்பதோடு நிறுத்தி, மற்றதில் அமியோடரோனும் தேவைப்பட்டால் அதிர்ச்சியும் கொடுத்து ஒப்பிட்டார்கள். மருத்துவமனையில் இருந்த நாட்கள் இரண்டிலும் ஐந்துதான். இரண்டு பிரிவிலும் சுமார் கால்வாசிப் பேர் நடுவழியில் திட்டம் மாறினார்கள். ஒன்றில் வேகம் அடங்காததால், மற்றதில் மருந்து ஒத்துக்கொள்ளாததால். அறுபதாம் நாள் பார்த்தபோது இரண்டு பிரிவிலும் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் ஏஎஃப் இல்லாத நிலையான ரிதத்தில் இருந்தார்கள். இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், டிஸ்சார்ஜில் திரும்ப வருவோம்.

வேகத்துக்கு முதல் மருந்து பீட்டா பிளாக்கர். இதயத் தசை பலவீனமாக இருந்தால் டில்டியாசெம் வேண்டாம். அட்ரினலின் பொங்கும் இந்த நாட்களில் டிகாக்ஸின் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், அது படுத்திருக்கும்போது அடக்கும், எழுந்து நடந்ததும் கைவிடும்.

அமியோடரோனை எல்லோரும் போடுகிறோம், சரியாகப் போடுகிறோமா? முதலில் 150 மி.கி., 100 மில்லி 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில், பத்து நிமிடத்தில். பிறகு 900 மி.கி. மருந்தை 500 மில்லி டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் மில்லிக்கு 1.8 மி.கி.; மணிக்கு 33 மில்லி வீதம் ஆறு மணி நேரம், பிறகு 17 மில்லி வீதம் 18 மணி நேரம். சலைனில் கலக்கக் கூடாது. முதல் 150-ஐ ‘சீக்கிரம் அடங்கட்டும்’ என்று இரண்டு நிமிடத்தில் தள்ளினால் அழுத்தம் விழும். மருந்தைக் கரைக்கப் பயன்படும் திரவத்துக்கும் அதில் பங்குண்டு. மில்லிக்கு 2 மி.கி.-க்கு மேல் செறிவானால் மத்திய சிரை வழிதான். கைச் சிரையில் மணிக்கணக்காக ஓடவிட்டால், மறுநாள் முழங்கைவரை சிவந்து கயிறுபோல் தடித்து நிற்கும். நோயாளி வீட்டுக்குப் போய் நினைவில் வைத்திருப்பது இதயத் தழும்பை அல்ல, அந்தக் கையை. இன்னொன்று: ரிதம் திரும்பும் கணத்தில் சைனஸ் முடிச்சு சோம்பலாகி நீண்ட இடைவெளி விடலாம். பேசிங் வயரை அதுவரை விட்டுவையுங்கள், கீழறைக்குக் காப்பாக மட்டும் 50-இல் வைத்து. மேலறையைப் பின்தொடரும் மோடில் விட்டால், கருவி ஏஎஃப்-ஐயே பின்தொடர்ந்து கீழறையை விரட்டும்.

ரத்த உறைவுத் தடுப்பு மருந்து பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. அறுவைக்குப் பின் வரும் ஏஎஃப்-க்கும் சாதாரணமாக வரும் ஏஎஃப்-க்கும் பக்கவாத ஆபத்து ஒன்றல்ல. புதிதாகத் தைத்த இதயத்தில் ரத்தக்கசிவு ஆபத்தோ கூடுதல். 2023-இல் வந்த அமெரிக்க வழிகாட்டி, பாதுகாப்பானது என்று தெரிந்ததும் தொடங்கி 60 நாள் கொடுத்து, பிறகு தேவையா என்று மறுபடி பார்ப்பது நியாயமானது என்கிறது. 48 மணி நேரத்தைத் தாண்டியும் ஏஎஃப் நீடித்தால் அல்லது விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தால், வயது, முந்தைய பக்கவாதம், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு எல்லாம் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். உலோக வால்வு, ருமாட்டிக் மைட்ரல் சுருக்கம் இருந்தால் வார்ஃபரின்தான். புதிய உறைவுத் தடுப்பு மாத்திரைகள் அங்கே வேண்டாம். தொடங்கும் நாளும் பேசிங் வயரை உருவும் நாளும் ஒரே மருத்துவர் கையில் இருக்கட்டும். ஒருவர் காலையில் முழு அளவு மருந்தைத் தொடங்க, இன்னொருவர் அது தெரியாமல் மாலையில் வயரை இழுத்தால், வயர் இருந்த துளையிலிருந்து கசியும் ரத்தம் இரவில் டாம்பனேடாக (இதயம் நெரிபடும் நிலையாக) வந்து நிற்கும். வயர் எடுத்த பிறகு ஒரு மணி நேரமாவது நோயாளி கட்டிலிலேயே இருக்க, கால் மணிக்கொருமுறை அழுத்தம் பாருங்கள்.

இப்போது அந்த விடுபட்ட வரிக்கு வருவோம்.

அமியோடரோன் 200 மி.கி. மாத்திரை ஒன்றில் சுமார் 75 மி.கி. அயோடின் இருக்கிறது. ஒரு பெரியவரின் அன்றாடத் தேவை 150 மைக்ரோகிராம். அதாவது ஒரே நாளில் ஐந்நூறு நாளுக்கான அயோடினை உடம்பில் ஏற்றுகிறோம், அதுவும் உடம்பை விட்டு வெளியேற வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் எடுத்துக்கொள்ளும் மருந்தின் மூலம். தைராய்டு, கல்லீரல், நுரையீரல் என்று அது தொடும் இடங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆறேழு வாரத்துக்கு என்று மனதில் நினைத்துத் தொடங்கிய மருந்து, நிறுத்தும் தேதி எழுதாததால் ஒவ்வொரு மருத்துவராலும் மரியாதையாகப் புதுப்பிக்கப்பட்டு வருடக்கணக்கில் ஓடுகிறது. ‘சர்ஜன் எழுதியது, நான் ஏன் கை வைக்க வேண்டும்?’ என்று அவர் நினைப்பதில் தவறில்லை. அவருக்கு ஏஎஃப் வந்ததே தெரியாது. அறுபதாம் நாளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சீரான ரிதத்தில் இருக்கிறார்கள் என்ற கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள்.

வார்ஃபரினோடு சேர்ந்தால் கதை இன்னும் கூர்மை. அமியோடரோன் வார்ஃபரினின் வலிமையைக் கூட்டும்; ஆனால் உடனே அல்ல, வாரங்களில். டிஸ்சார்ஜ் அன்று ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு; கூடினால் கசிவு ஆபத்து) 2.4 என்று நிம்மதியாக அனுப்பிய அதே அளவில், மூன்றாம் வாரம் அது 6-ஐத் தாண்டலாம். வார்ஃபரின் அளவை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைக்க வேண்டிவரும் என்பதும், முதல் ஆறு வாரம் வாராவாரம் ஐஎன்ஆர் என்பதும் சம்மரியில் இருக்க வேண்டும். டிகாக்ஸின் உடன் போனால் அதையும் பாதியாக்குங்கள்.

அந்தச் சம்மரியில் நாங்கள் எதிர்பார்ப்பது ஒரு பக்கக் கட்டுரை அல்ல. இப்படி இருந்தால் போதும்: ‘அறுவைக்குப் பின் 2-ஆம் நாள் இரவு புதிதாக ஏஎஃப்; 31 மணி நேரம் நீடித்தது; ஐவி அமியோடரோனில் சைனஸ். எக்கோவில் நீர் இல்லை. அமியோடரோன் தினம் 200 மி.கி., 6 வாரம், இந்தத் தேதியில் நிறுத்தவும். ரத்த உறைவுத் தடுப்பு மருந்து 60 நாள். அதற்குமுன் ஈசிஜியும் ஹோல்டரும் (நாள் முழுக்கப் பதியும் ஈசிஜி) பார்த்து முடிவு. அந்தச் சந்திப்பு இந்தத் தேதி, இந்த அறை.’ தேதி என்றால் நாட்காட்டித் தேதி. ‘ஆறு வாரம்’ என்று மட்டும் எழுதினால், எங்கிருந்து ஆறு வாரம் என்று எண்ணுவது மருந்துக் கடைக்காரர் வேலையாகிவிடும்.

நோயாளிக்கும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘உங்களுக்கு நடுவில் துடிப்பு தவறியது, இப்போது சரியாக இருக்கிறது, மறுபடி வரலாம்’ என்ற மூன்று துண்டுகள். மணிக்கட்டில் நாடி பார்க்கக் கற்றுக்கொடுங்கள், ஆனால் 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் முறையில் அல்ல. ஒழுங்கற்ற நாடியை அப்படி எண்ணினால் ஒருமுறை 72, மறுமுறை 104 வரும். முழு ஒரு நிமிடம், எண்ணிக்கையைவிடத் தாளத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். தாளம் தப்பி அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது மூச்சு வாங்கினால், தலை சுற்றினால் எங்கே வர வேண்டும் என்று ஓர் எண்ணும் ஓர் இடமும் கொடுங்கள். ஒருமுறை வந்தவருக்கு வருடங்கள் கழித்தும் ஏஎஃப் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், அறுபதாம் நாளோடு கணக்கை மூடாமல் அவருடைய மருத்துவருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

இதையெல்லாம் எழுதினால் பிரிவின் சிக்கல் விகிதம் கூடிவிடும் என்று ஓர் அச்சம் இருக்கிறது. வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை, ஆனால் ‘சிக்கலின்றி’ என்ற சொல் இத்தனை வசதியாக வந்து உட்காருவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறோம். நால்வரில் ஒருவருக்கு வரும் ஒன்று உங்கள் பதிவேட்டில் நூற்றில் ஐந்து பேருக்குத்தான் வருகிறது என்றால், அது உங்கள் அறுவைத் திறமைக்குச் சான்றல்ல. உங்கள் மானிட்டரும் பேனாவும் வேலை செய்யவில்லை என்பதற்குத்தான் சான்று. கண்காணிப்பாளர்களும் இந்த எண் கூடியதும் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பாமல் இருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் அது கூடத்தான் செய்யும்.

எனவே எங்கள் கோரிக்கை சின்னது. கடந்த மாதம் டிஸ்சார்ஜ் ஆன 40 இதய அறுவை நோயாளிகளின் கோப்புகளை எடுங்கள். அறுவை செய்த அணியைச் சேராத ஒருவரும் ஒரு மூத்த செவிலியரும் பார்க்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்த அல்லது சிகிச்சை தேவைப்பட்ட எந்த ஏஎஃப்-உம் ஃப்ளட்டரும் கணக்கில் சேரும். சார்ட்டில் ஏஎஃப் வந்தவர் எத்தனை பேர். அவர்களில் எத்தனை பேரின் சம்மரியில் அந்தச் சொல் இருக்கிறது. அமியோடரோனோடு போனவர்களில் நிறுத்தும் தேதி எத்தனை பேருக்கு எழுதப்பட்டது. அறுபதாம் நாள் ஈசிஜிக்குத் தேதி கொடுக்கப்பட்டவர் எத்தனை பேர். இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி ஐசியு கதவில் ஒட்டுங்கள். தேதி இல்லாமல் அமியோடரோனோடு போனவர்களை அன்றே தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
இதய அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள்